சின்ன சோலார் பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று லேப்டாப்பில் பதிவு செய்வது எப்படி?

10 வாட் பேனல் வாங்கியிருக்கிறீர்கள், மல்டிமீட்டரில் 21 வோல்ட் காட்டுகிறது, நாள் முழுக்க அது தரும் மின்சாரத்தை லேப்டாப்பில் பதிய வேண்டும் என்கிறீர்கள். நான் மொட்டை மாடியில் இதே வேலையைச் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த 21 வோல்ட்டை மறந்துவிடுங்கள். அது லோடு, அதாவது மின்சாரத்தைச் செலவழிக்கும் பொருள், எதுவும் மாட்டாமல் எடுத்த அளவு. மேகம் மூடினாலும் பெரிதாக இறங்காது. கரன்ட் ஓடினால்தான் வாட் கணக்கு வரும், அதற்கு ஒரு லோடு வேண்டும். இந்த அளவு பேனல் சுமார் 17 வோல்ட், 0.58 ஆம்பியரில்தான் முழு வாட்டைத் தரும். வகுத்தால் கிட்டத்தட்ட 30 ஓம், அந்த அளவு ரெசிஸ்டர்தான் உங்கள் லோடு. 25 வாட் தாங்கும் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள், நன்றாகவே சுடும்.

அளவை எடுத்து லேப்டாப்புக்கு அனுப்ப ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு போதும். வோல்ட் அளக்கும் அதன் அனலாக் பின்னில் பேனலை நேராக மாட்டாதீர்கள், அது 5 வோல்ட்தான் தாங்கும். ஆரம்பத்தில் நான் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைத்து அளந்தேன். ஊனோ தன் அளவுகோலாக எடுத்துக்கொள்வது யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டை. அது 4.8 ஆக இறங்கினாலே அளவெல்லாம் நாலு சதவீதம் கூடிவிடும். அப்புறம் ஐஎன்ஏ219 மாட்யூலுக்கு மாறினேன். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அதுவே அளந்து கொடுக்கும். 26 வோல்ட், 3.2 ஆம்பியர் வரை தாங்கும். இரண்டு பேனலை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, போட்டால் வோல்ட் கூடி மாட்யூல் போச்சு. பேனலின் மைனஸை ஆர்டுவினோ கிரவுண்டோடு சேர்க்க மறக்காதீர்கள், சேர்க்காவிட்டால் வோல்ட் அளவு கன்னாபின்னாவென்று வரும்.

ஊனோவுக்கு மணி தெரியாது. அது விநாடிக்கு ஒரு வரி அனுப்பட்டும், லேப்டாப்பில் ஒரு சின்ன பைத்தான் நிரல் நேரத்தைச் சேர்த்துக் கோப்பில் எழுதட்டும். லேப்டாப் தூங்கிப்போகாமல் செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.

பதிவு ஓட ஆரம்பித்ததும் பேனல் பேச ஆரம்பிக்கும். ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு வரைபடத்தில் எட்டரை வாட்டில் நின்ற கோடு சட்டென்று இரண்டுக்குக் கீழே விழுந்தது. வயர் கழன்றுவிட்டதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தால், கொடியில் அம்மா காயப்போட்ட வேட்டியின் நுனி நிழல் கீழ் வரிசையில் ஒரு செல்லை மூடியிருந்தது. 36 செல்லும் சீரிஸில் இருக்கின்றன, மொத்தக் கரன்ட்டும் அந்த ஒரு செல்லைத் தாண்டித்தான் வர வேண்டும். வேட்டியை நகர்த்தியதும் கோடு பழைய இடத்துக்கே ஏறியது. இதை மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டேன்.

உச்சி வெயிலில் 10 வாட் வரவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 10 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைக்கும் கணக்கு. மாடியில் அது 60 டிகிரியைத் தொடும், டிகிரிக்கு 0.4 சதவீதம் போல வாட் குறையும்.

இன்னொன்று, இதுதான் பலரும் கவனிக்காதது. வெயில் பாதியானால் கரன்ட்டும் பாதியாகும். அதே 30 ஓமில் வோல்ட்டும் பாதியாகிவிடுவதால் உங்கள் கோப்பில் வாட் கால்வாசியாக விழும். உண்மையில் பேனலால் அப்போதும் ஏறக்குறைய பாதி தர முடியும், லோடுதான் பொருந்தவில்லை. சாயங்காலம் 60 ஓம் மாட்டி ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.