நிலாக் கல்லில் நுண்குழி எண்ணும்போது எதை அளக்க வேண்டும்?

கேள்வி: அப்பல்லோ கற்களின் நுண்ணோக்கிப் படங்களில் உள்ள குழிகளை எண்ணி விண்தூசியின் அளவைக் கணக்கிட முடியுமா? மாணவர் செயல்திட்டத்துக்காகக் கேட்கிறேன்.

பதில்: முடியும். ஆனால் கல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகள் வெளியில் கிடந்த கல்லில் புதுக் குழி விழ விழப் பழையது அழியும். அங்கே எவ்வளவு எண்ணினாலும் தூசியின் வரத்து, அதாவது ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்பது, தெரியாது. குழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இளம் பரப்பு வேண்டும். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கொண்டுவந்த 12054 எண் கல்லில் கண்ணாடி படிந்த முகம் இதற்குப் பேர்போனது.

அடுத்தது அளவு. நொடிக்குச் சராசரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் துகள் மோதும்போது நடுவில் கண்ணாடி பூசிய சிறு கிண்ணம் உருவாகும். அதைச் சுற்றி நொறுங்கி வெளுத்த வட்டம். அதற்கும் வெளியே சில்லு தெறித்துப்போன வளையம். அளக்க வேண்டியது கிண்ணத்தின் விளிம்பு முதல் விளிம்பு வரை மட்டுமே. தெறிப்பு வளையம் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலம் என்பதால் கண் முதலில் அங்கேதான் போகும். அதை அளந்துவிட்டால் துகளின் நிறை 64 மடங்கு ஏறிவிடும், ஏனென்றால் நிறை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். சில மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான குழிகளில் இந்த வளையமே இருக்காது. அதனால் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

கிண்ண விட்டத்தில் சுமார் பாதிதான் துகளின் விட்டம். 10 மைக்ரான் கிண்ணம் என்றால் துகள் 5 மைக்ரான்; அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3 கிராம் என்று கொண்டால் நிறை ஒரு கிராமில் 500 கோடியில் ஒரு பங்கு. அதே அகலத்துக்குக் கிண்ணம் ஆழமாக இருந்தால் துகள் இரும்பு போல் அடர்ந்தது. ஆழமற்றதென்றால் நுண்துளைகள் நிறைந்த அடர்த்தி குறைந்த துகள்.

கண்ணாடிப் பரப்பில் உடைந்த வாயுக் குமிழிகள் நன்றாகவே ஏமாற்றும். குமிழிக்கு விளிம்பு மெல்லிதாக, தட்டையாக இருக்கும். மோதல் குழிக்கு உதடுபோல் மேலெழும்பியிருக்கும். சாய்வாக எடுத்த படத்தில் இது பளிச்சென்று தெரியும். நிலவிலேயே வேறொரு மோதலில் தெறித்து விழுந்த துகள்களும் குழி போடும். அவை பெரும்பாலும் மெதுவானவை, ஒழுங்கான கண்ணாடிப் பூச்சு அரிது. தனிப் பத்தியில் குறியுங்கள்.

ஒரே உருப்பெருக்கம் போதாது. பெரிய குழிக்குக் குறைந்த பெருக்கத்தில் அகன்ற பரப்பு, சிறியதற்கு அதிகப் பெருக்கத்தில் குறுகிய பரப்பு என்று எண்ணி, ஒவ்வொன்றையும் சதுர சென்டிமீட்டருக்கு மாற்றுங்கள். அந்த எண்ணிக்கையைப் பரப்பு வெளியில் கிடந்த ஆண்டுகளால் வகுத்தால் வரத்து கிடைக்கும். அந்த வயதைக் குழியிலிருந்து ஊகிக்கக்கூடாது. சூரியத் தீப்பிழம்புகளின் இரும்பு அணுக்கருக்கள் கனிமத்தில் விட்ட தடங்களை எண்ணி அறிந்த வயதை ஆய்வறிக்கையிலிருந்து எடுங்கள். பக்கத்துப் பாறை வானத்தை மறைத்திருந்தால் அதற்கும் ஈடுசெய்ய வேண்டும்; எடுக்கும் முன் விண்வெளி வீரர்கள் பிடித்த படத்தில் கல் கிடந்த நிலை தெரியும்.