கடைவீதியில் வண்டி வேண்டாமா? – வாசகர் கேள்விகள்

போன இதழில் தருமபுரி வாசகி ஒருவர், "நம்ம ஊர் கடைவீதியில் சாயங்கால நேரத்திலாவது வண்டிகளை விடாமல் இருக்க முடியாதா? குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவே பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். "முடியும், செய்யவும் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை மேல் கட்டாகக் கிடக்கின்றன. பாதிப் பேர் வாழ்த்தியிருக்கிறார்கள், பாதிப் பேர் கோபித்திருக்கிறார்கள். கோபித்தவர்கள் எழுதியதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க முழுக்கக் கடைவீதிதான்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். வண்டியை நிறுத்திவிட்டால் வாடிக்கையாளர் பைபாஸ் ஓரம் பார்க்கிங் வசதியோடு இருக்கிற பெரிய கடைக்குப் போய்விடுவார். உங்களுக்கு அது ஒரு வரி, எங்களுக்குப் பிழைப்பு. யோசித்துத்தான் எழுதினீர்களா?
(ஜவுளி வியாபாரி, தருமபுரி)

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஒரு வரியில் எழுதியது என் தவறுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். வருகிற முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம் கல்லாவை விட்டு எழுந்து வந்து கடை வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். உள்ளே வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் வந்து இறங்குகிறார்கள், எத்தனை பேர் பென்னாகரத்திலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் இண்டூரிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கட்டைப்பையோடு நடந்து வருகிறார்கள் என்று எண்ணுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்குப் பிறகு மாமியார், மருமகள், நாத்தனார் என்று கூட்டமாகத் துணி எடுக்க வருகிறவர்களை உங்களுக்கே தெரியும். அவர்கள் எல்லோரும் நடந்துதான் உங்கள் கடைக்கு வருகிறார்கள். இரண்டு பக்கமும் வண்டி நிற்க, நடுவில் ஹாரன் அடிக்க, அந்த நெரிசலில் எதிர்க்கடைக்குத் தாண்டிப் போகப் பயந்து ஒரே கடையோடு திரும்பிப் போகிறவர்களும் அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. கடை வாசலில் காலை முதல் இரவு வரை நிற்கிற பைக்குகளில் பல, கடைக்காரர்களுடையதும் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளுடையதும். வாடிக்கையாளர் வண்டி கால் மணியில் போய்விடும், இவை போகாது. ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் வேண்டும். உங்கள் கடை முகப்பே அவ்வளவுதான் இருக்கும். ஒரு கார் நின்றால் உள்ளே மாட்டியிருக்கிற சேலை வெளியே தெரியாது.

மற்ற ஊர்களிலும் வியாபாரிகள் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு பழைய கடைத்தெரு, அல்வாவுக்குப் பேர் போனது. 2017 டிசம்பரில் அதைப் புதுப்பித்துத் திறந்து, பகலில் வண்டி கிடையாது என்றதும் கடைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962 நவம்பரில் முக்கியக் கடைத்தெருவை மூடியபோதும் அதே எதிர்ப்புதான். அங்கே முதலில் சோதனை என்று சொல்லித்தான் செய்தார்கள், 1964-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் எங்கே இந்தப் பேச்சு வந்தாலும் அந்தத் தெருவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்காக தருமபுரியில் முதல் வாரமே வியாபாரம் ஏறும் என்று நான் சொல்லமாட்டேன், குறையவும் குறையலாம். அதனால்தான் சோதனையாகத் தொடங்க வேண்டும், உங்கள் கல்லாக் கணக்கையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தேர் ஓடும்போது தெருவில் ஒரு வண்டி இருக்காது. குழந்தைகள் நடுரோட்டில் ஓடும். அன்றைக்கு முடிகிறது மற்ற நாளில் ஏன் முடியவில்லை?
(வாசகி, குமாரசாமிப்பேட்டை)

பதில்: உங்கள் ஊர்த் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பதை நானும் நின்று பார்த்திருக்கிறேன் அம்மா. அன்றைக்கு யாரும் "வண்டி எங்கே நிறுத்துவது" என்று கேட்பதில்லை, தள்ளி எங்கேயோ விட்டுவிட்டு நடந்து வருகிறோம். நடக்கிற பழக்கம் நமக்குப் போய்விடவில்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கிற சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, அங்கும் கடைகள் இருக்கின்றன, ஜனங்கள் நடந்துதான் போகிறார்கள்.

கேள்வி: நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். காலை 7 மணிக்குச் சரக்கு கொண்டுவந்தால் கடை திறந்திருக்காது. கடை திறந்த பிறகு தெருவுக்குள் விடமாட்டேன் என்றால் நான் என்ன செய்வது? மூட்டையைத் தலையில் சுமந்து வர ஆள் கூலி யார் தருவார்?
(வாசகர், நல்லம்பள்ளி)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது உங்களுடையதுதான் தம்பி. டெல்லி சாந்தினி சவுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள், செங்கோட்டைப் பக்கமிருந்து பதேபுரி மசூதி வரை ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டி கிடையாது, சைக்கிள் ரிக்ஷா மட்டும் உண்டு. சரக்கெல்லாம் இரவில், விடிகாலையில். அது பெரிய மொத்த வியாபாரச் சந்தை, ராத்திரியில் இறக்க ஆளும் கிடங்கும் இருக்கிறது. நம் ஊர் மளிகைக் கடையில் அண்ணாச்சியும் ஒரு பையனும்தான் இருப்பார்கள். அவர்களை நடுராத்திரிக்கு மேல் கடை திறக்கச் சொன்னால் நடக்காது.

அதனால் நாள் முழுக்க மூட வேண்டாம் என்பது என் எண்ணம். சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரை போதும். அந்த நாலு மணி நேரத்தில்தான் ஜனங்கள் வருகிறார்கள், பள்ளி விட்டு, வேலை விட்டு, கோயிலுக்குப் போகிற வழியில் என்று. நீங்கள் காலையிலும் மத்தியானத்திலும் வழக்கம்போல இறக்கிக்கொள்ளலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையை சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரைதான் மூடுகிறார்கள், மற்ற நேரத்தில் வண்டி ஓடுகிறது, யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் நேரத்தை அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. சரக்கு எந்தக் கடைக்கு எப்போது வருகிறது என்று தெரிந்தவர் நீங்களும் சுமை தூக்குகிறவர்களும்தான். உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் போடுகிற நேரம் இரண்டாம் நாளே உடைந்துவிடும்.

கேள்வி: கடைவீதியை மூடினால் அந்த வண்டியெல்லாம் எங்கள் தெருவுக்குள்தான் வரும். எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட இடம் இருக்காது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
(கடைவீதியை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்)

பதில்: நீங்கள் சொல்வது நடக்கும். இந்த யோசனைக்கு எதிராக வந்ததில் வலுவான வாதம் இதுதான், இதை மழுப்ப நான் தயாராக இல்லை. நாலு ரோட்டுப் பக்கமிருந்தோ பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்தோ வருகிறவருக்குக் கடைவீதிக்கு முன்பே வண்டியை விட ஓர் இடம் கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் அவர் முதல் சந்துக்குள் திருப்பிவிடுவார். ஆகவே மூடுவதற்கு முன்னால் வண்டி நிறுத்த இடம், தெருவின் இரண்டு முனையிலும் ஆட்டோ ஸ்டாண்டு, பக்கத்துத் தெருக்களை ஒருவழிப் பாதையாக்குவது, இந்த மூன்றும் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் நானே வேண்டாம் என்பேன். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தபோது வண்டியை முழுசாக நிறுத்தவில்லை, நடைபாதையை அகலமாக்கினார்கள், வண்டி விடத் தனிக் கட்டடமும் கட்டினார்கள். அதற்கான பணம் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் வந்தது. நமக்கு அந்தப் பணம் இல்லை, ஆனால் ஓர் அரசு மைதானத்தைச் சாயங்காலம் நாலு மணி நேரம் வண்டி விடத் திறந்துவைக்கப் பெரிய பணம் தேவையில்லை.

கேள்வி: ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்தால்?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: தெரு முனையில் வைக்கப்போவது பேரிகார்டுதானே, ஒரு ஆள் நகர்த்திவிடலாம். கான்கிரீட் கட்டை, பூந்தொட்டி என்று நிரந்தரமாக எதையும் வைத்து அடைக்கக் கூடாது. இப்போது தீப்பிடித்தால் அந்தச் சிவப்பு வண்டி இரண்டு வரிசைப் பைக்குகளுக்கு நடுவில் எப்படி உள்ளே போகும் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மா பதினெட்டு வருஷமாகக் கடைவீதியில் பூ கட்டி விற்கிறார். அந்தப் பூவில்தான் நான் காலேஜ் படிக்கிறேன். வண்டியை நிறுத்துகிறேன், தெருவை அழகாக்குகிறேன் என்று ஆரம்பித்து முதலில் அம்மாவைத்தான் கிளப்புவார்கள். இதை எழுதியபோது நீங்கள் எங்களை நினைத்தீர்களா?
(மாணவி, தருமபுரி)

பதில்: நினைக்கவில்லை அம்மா. உன் கடிதம் வந்த பிறகு ஒரு சாயங்காலம் போய்ப் பூக்காரப் பெண்கள் உட்காருகிற இடத்தில் நின்றேன். ஒருவர் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, மேலே ஈரத்துணி, அதன் மேல் மல்லி. காலுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம். ஒரு பைக் பின்னால் எடுக்கும்போது சக்கரம் துணியின் ஓரத்தில் ஏறி நின்றது. அவர் திட்டவில்லை. பூவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வண்டி போன பிறகு திரும்பக் கீழே வைத்து, விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தார். ஒரு முழம் முடிவதற்குள் மூன்று முறை இப்படி. நாள் முழுக்க வண்டிகளுக்கு வழி விட்டுக்கொண்டே பிழைக்கிற இவர்களுக்குத்தான் வண்டியில்லாத தெரு முதலில் பயன்பட வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஊரில் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் இடத்தை விட்டு எழுப்பக் கூடாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அம்மாவிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே கேள். இல்லையென்றால் நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீதும் வாங்கி வை. கடைவீதியை எப்படி மாற்றுவது என்ற பேச்சு அந்தக் குழுவைத் தாண்டி நடக்கக் கூடாது. தள்ளுவண்டியும் பூக்கூடையும் இல்லாத கடைவீதியை நான் கேட்கவில்லை. போன இதழிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கால் வராது. அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டரில்தான் எங்கும் போகிறேன். எல்லோரும் நடக்க வேண்டும் என்கிறீர்கள், நான்?
(வாசகர், அதியமான்கோட்டை)

பதில்: உங்கள் வண்டிதான் உங்கள் கால். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொது இடம் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உத்தரவிலேயே விதிவிலக்கு எழுதியிருக்க வேண்டும், வாசலில் நிற்கிற போலீஸ்காரரின் இரக்கத்துக்கு விடக் கூடாது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு பேட்டரி வண்டி மெதுவாகப் போய்வந்தால் அதுவும் நல்லது.

என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. போன வருஷம் கடைவீதியில் வளையல் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு வண்டி இடிக்க, ஒதுங்க இடமில்லாமல் உடைந்த சாக்கடை மூடியில் கால் வைத்து விழுந்தார். இடித்தது யார் என்றுகூடத் தெரியாது, வண்டி நிற்காமல் போய்விட்டது. இடுப்பில் பிளேட் வைத்து நாலு மாதம் படுக்கை. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார், கடைவீதிக்குக் கூப்பிட்டால் "வேண்டாம்ப்பா" என்கிறார். நடக்கத் தெம்பிருந்தும் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர். வண்டியை நிறுத்தும் முன்னால் அந்த மூடிகளைச் சரி செய்யச் சொல்லி நாம் சேர்ந்தே கேட்போம்.

கேள்வி: பெங்களூருவில் வேலை செய்கிறேன். சர்ச் ஸ்ட்ரீட்டை 2020 நவம்பரில் தொடங்கிச் சில மாதம் சனி, ஞாயிறு மட்டும் மூடினார்கள், அருமையாக இருந்தது. தருமபுரிக்கும் அதே மாதிரி செய்யலாமே?
(வாசகர், ஓசூர்)

பதில்: அங்கே வந்தவர்கள் காபி குடிக்கவும் உலாத்தவும் வந்தவர்கள். நம் கடைவீதிக்கு வருகிறவர் வெல்லமும் பாத்திரமும் பள்ளிச் சீருடையும் வாங்க வருகிறார். வார இறுதி மட்டும் மூடினால் என்றைக்கு வண்டி வரும், என்றைக்கு வராது என்று கிராமத்திலிருந்து வருகிறவர் குழம்புவார். தினமும் ஒரே நேரம் என்பதே சரி.

கேள்வி: போன இதழில் கேட்டவள் நான்தான். இதை யாரிடம் கேட்பது? நகராட்சியா, போலீஸா, கலெக்டரா? எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறோம்.
(வாசகி, தருமபுரி)

பதில்: கலெக்டரிடம் போங்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, ஜனங்களின் பாதுகாப்புக்காகவும் வசதிக்காகவும் ஒரு தெருவில் வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் இடம் தருகிறது. அதே பிரிவில், தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் அறிவிப்புப் போட வேண்டியதில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும்படி விளம்பரம் செய்தால் போதும் என்று இருக்கிறது. மனுவில் அந்த ஒரு மாதத்தைக் கேளுங்கள். சாயங்காலம் 5 முதல் 9 வரை, தெருவோர வியாபாரிகளை எழுப்பாமல், மாற்றுத்திறனாளிகள் வண்டிக்கு விலக்கோடு, பக்கத்துத் தெருக்களுக்கு ஒருவழிப் பாதையோடு என்று தெளிவாக எழுதுங்கள். நகராட்சிக்கும் போலீசுக்கும் ஒவ்வொரு நகல். பதினைந்து கையெழுத்து போதாது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவராவது, லோடு ஆட்டோக்காரர் ஒருவராவது போட வேண்டும், பூ விற்கிற அம்மாவிடமும் வாங்குங்கள். என்னுடையது தயாராக இருக்கிறது, எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் எழுதுங்கள்.