கார்ப்பரேட்டர் ஒழுகுதா? பழைய டிராக்டர்காரர்களுக்கு வியாசர்பாடிப் பட்டறையிலிருந்து பதில்

பழைய பெட்ரோல் டிராக்டர் வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதும், "வடசென்னையில் ஏதுய்யா டிராக்டர்?" என்று சிலர் சிரித்தார்கள். செங்குன்றம் தாண்டினால் வயல். டிராக்டர் செய்கிற தொழிற்சாலையே செம்பியத்தில் இருக்கிறது. வியாசர்பாடியில் நான் பட்டறை போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்பரேட்டர்தான் என் சோறு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (செங்குன்றம்): அண்ணே, தாத்தா காலத்து ஃபெர்குசன் டிஇஏ-20, பெட்ரோல் வண்டி. பத்து வருடம் ஷெட்டில் கிடந்ததைப் போன மாதம் வெளியே எடுத்தேன். பெட்ரோல் குழாயைத் திறந்தாலே கார்ப்பரேட்டருக்கு அடியில் சொட்டுகிறது. புது கேஸ்கட் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. நிற்கவில்லை.

பதில்: தம்பி, கேஸ்கட்டை இனிமேல் தொடாதீர்கள். சொட்டு விழும் இடம் வேறு, அது கிளம்பும் இடம் வேறு. கார்ப்பரேட்டரைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலே லேசாக முகப் பவுடர் தூவுங்கள். (கோலமாவு வேண்டாம், அது பொடி மணல்; உள்ளே போனால் இன்னொரு வேலை.) இப்போது குழாயைத் திறந்து பாருங்கள். பவுடரில் முதல் ஈரக்கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் கோளாறு.

மூடியும் கிண்ணமும் சேரும் விளிம்பிலோ, அடியில் இருக்கிற பிளக்கிலோ ஈரம் கிளம்பினால் அது கசிவு. கேஸ்கட், ஃபைபர் வாஷர், இல்லையென்றால் விளிம்பு வளைந்திருக்கும். காற்று உள்ளே போகிற வாயிலிருந்து வழிந்தால் அதன் பெயர் ஓவர்ஃப்ளோ. உங்களுடையது அநேகமாக இதுதான். இந்த வண்டியில் இருப்பது ஜெனித் கார்ப்பரேட்டர். காற்று கீழிருந்து மேலே ஏறும் வகை. கிண்ணத்தில் பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறினால் காற்று வாய் வழியாகக் கீழே கொட்டிவிடும். ஒரு விதத்தில் நல்லதுதான். மேலிருந்து கீழே ஊற்றும் வகையாக இருந்தால் அத்தனை பெட்ரோலும் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலைக் கழுவிவிட்டிருக்கும்.

அடுத்தது நீடில். கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கிற உள்ளீடற்ற மிதவைதான் ஃப்ளோட்; அது மேலே எழும்போது பெட்ரோல் வரும் துளையை அடைக்கிற சின்ன ஊசிதான் நீடில். கழற்றி, அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தை முனையில் மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் தடுக்கும். கண்ணுக்கு மோதிரம் மாதிரி ஒரு கோடு தெரியும். அப்படித் தெரிந்தால் ஆயுள் முடிந்தது. நீடிலை மட்டும் மாற்றாதீர்கள், அது போய் உட்காரும் துளையான சீட்டையும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். வால்வு பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துளை அகலமாகிவிடும், அவ்வளவுதான். கடையில் வாங்கும்போது டேங்கிலிருந்து தானாக இறங்கும் வண்டி என்று சொல்லிக் கேளுங்கள். பம்பு வைத்த வண்டியின் சீட்டில் துளை சின்னதாக இருக்கும். அதைப் போட்டால் ஒழுகாது, ஆனால் லோடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும்.

அவரே மறுபடியும்: ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தைத் தட்டினேன் அண்ணே, நின்றுவிட்டது! அப்போது நீடில் நல்லாதானே இருக்கிறது?

பதில்: தட்டினதில் சீட்டில் உட்கார்ந்திருந்த தூசி நகர்ந்திருக்கிறது. நாளைக்கு அதன் தம்பி வருவான். பத்து வருடம் கிடந்த டேங்க் உள்ளே துரு உதிர்ந்துகொண்டிருக்கும். முதலில் டேங்க், அப்புறம் குழாய்க்கு அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணமும் வலையும், கடைசியில் கார்ப்பரேட்டர். இந்த வரிசையில் சுத்தம் செய்யுங்கள். தலைகீழாகச் செய்து இரண்டாம் தடவை கழற்றியவர்கள் ஏராளம்.

கேள்வி (பொன்னேரி): ஐயா, அப்பா போன பிறகு அவருடைய டிராக்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே களக் களக் என்கிறது. ஈயம் வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: அடைக்கலாம் அம்மா, ஆனால் எடுத்தவுடன் ஈயப் பற்றுகோலை வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பெட்ரோல். சூடு பட்டால் ஃப்ளோட் வெடிகுண்டு.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஃப்ளோட்டை இடுக்கியால் தண்ணீருக்குள் அமுக்குங்கள். ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்தாலும் அங்கிருந்து குமிழி வரிசையாக ஏறும். அந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள். குமிழி நிற்கும்வரை வெந்நீரை மாற்றி மாற்றி அமுக்க வேண்டும், உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகி வெளியேறுவது அப்படித்தான். பிறகு ஒரு நாள் வெயிலில் கிடக்கட்டும். சத்தமும் வாசமும் சுத்தமாகப் போன பிறகுதான் ஈயம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இருக்கிற ஒரே ஓட்டையை அடைக்கப் போனால் உள்ளே சூடேறிய காற்று ஈயத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் வேறோர் இடத்தில் குண்டூசி அளவு துளை போட்டுக்கொண்டு, பழைய ஓட்டையை முதலில் அடைத்து, ஆறவிட்டு, புதுத் துளையைக் கடைசியில் ஒரே தொடுதலில் மூட வேண்டும். ஈயம் அதிகமானால் ஃப்ளோட் கனத்துத் தாழ உட்காரும், பெட்ரோல் மட்டம் ஏறும், மறுபடியும் ஒழுகும். நான் தெருமுனை அடகுக்கடைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பேன். அவருக்கும் பழகிவிட்டது, சிரிப்பதில்லை.

கேள்வி (மீஞ்சூர்): எங்களுடையது மண்ணெண்ணெய் வண்டி, டிஇடி-20. மண்ணெண்ணெயில் ஓடும்போது சொட்டுவதில்லை. பெட்ரோலுக்கு மாற்றினால் மட்டும் சொட்டுகிறது. இது என்ன மாயம்?

பதில்: மாயமில்லை, கனம்தான். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட அடர்த்தியானது, அதில் ஃப்ளோட் சீக்கிரமே எழும்பி நீடிலை அடைத்துவிடும். பெட்ரோலில் அதே ஃப்ளோட் கொஞ்சம் அமிழ்ந்து மிதக்கும், மட்டம் ஏறும். உங்கள் மட்டம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம்.

கிண்ணத்தின் அடிப் பிளக்கைக் கழற்றி, அதே மரையில் உட்காரும் ஒரு நிப்பிளைப் போட்டு, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். குழாயை வளைத்துக் கார்ப்பரேட்டரை ஒட்டி மேலே பிடித்துக்கொண்டு பெட்ரோலைத் திறந்துவிடுங்கள். குழாயில் எங்கே நிற்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிற மட்டம். பெட்ரோல் பீய்ச்சும் குழலின் வாய்க்குக் கொஞ்சம் கீழே அது நிற்க வேண்டும். அளந்து பார்ப்பதும் பெட்ரோலிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறவர்கள் ஆயில் குச்சியை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்.

கேள்வி (மாதவரம்): எங்கள் பழைய மாஸி 1035-இல் கார்ப்பரேட்டர் பக்கத்தில் டீசல் கசிகிறது. புது கார்ப்பரேட்டர் என்ன விலை?

பதில்: உங்களுக்குச் செலவு மிச்சம். டீசல் வண்டியில் கார்ப்பரேட்டரே கிடையாது! நீங்கள் பார்ப்பது பம்பு. பைப் சேரும் இடத்துச் செப்பு வாஷர்களை முதலில் பாருங்கள். அவசரத்துக்கு, பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், திரும்பப் போடலாம். ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பு) டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): சிலிக்கான் பசை தடவினால் போதாதா?

பதில்: போதாது. சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பும், பிய்ந்து, பெட்ரோல் போகிற ஜெட் என்ற நுண்துளையில் போய் அடைக்கும். விளிம்பு வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாளை விரித்து, கிண்ணத்தை எட்டு போடுவது மாதிரி தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு நல்ல கேஸ்கட். ஸ்க்ரூவை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதால்தான் அது வளைந்ததே.

கேள்வி (மணலி): இன்ஜினை நிறுத்தின பிறகு நாலைந்து சொட்டு மட்டும் விழுகிறது.

பதில்: சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் விழும். மேலே ஏறிய பெட்ரோல் திரும்பி இறங்குகிறது. விட்டுவிடுங்கள். குழாயை மூடிய பிறகும் நிமிடக்கணக்கில் சொட்டினால் கேளுங்கள்.

கேள்வி (எண்ணூர்): எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே? கழற்றினால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

பதில்: எல்லாவற்றையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது, ஆனால் பங்கு உண்டு. இந்த ஃபெர்குசன் வண்டிகள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் செய்தவை. அப்போதைய கார்க்கும் ரப்பரும் 20 சதவீத எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் ஒட்டியிருந்த பழைய பிசினையும் கரைத்துக் கீழே அனுப்பும். உங்கள் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் வெள்ளை பூக்காமல் என்ன செய்யும்? ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் குழாயை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். 1958 ஜனவரியில் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, இதே ஃபெர்குசனை ஓட்டிக்கொண்டு தென் துருவம் போய்ச் சேர்ந்தார். எண்ணூர் காற்றில் இரண்டு வருடம் நிறுத்திவைத்திருந்தால் அவர் கதையே வேறு.

கேள்வி (திருவொற்றியூர்): டிராக்டர் இல்லை மாஸ்டர், பழைய புல்லட். நிறுத்தினால் சொட்டுகிறது.

பதில்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் சாய்வுதான் காரணம், மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அப்படியும் சொட்டினால் முதல் பதிலைப் படியுங்கள். ஊசி எல்லா வண்டிக்கும் ஊசிதான்.

கேள்வி (சோழவரம்): அறுப்பு முடிய இன்னும் பத்து நாள். அதுவரை அடியில் ஒரு டப்பாவைக் கட்டி ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒழுகுகிற கார்ப்பரேட்டருக்கு அடியில் நானும் ஒரு டப்பா வைத்தேன். கையில் இருந்த பல்பு விளக்கு நழுவி டப்பா பக்கத்தில் உடைந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புருவம் இரண்டும் போச்சு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். முதலாளி வாளி மணலைக் கொட்டினதால் வண்டி பிழைத்தது; தண்ணீர் ஊற்றியிருந்தால் எரிகிற பெட்ரோல் மிதந்து பட்டறை முழுக்கப் பரவியிருக்கும்.

நீடிலும் சீட்டும் மாற்ற அரை நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப்பரேட்டரை மட்டும் கழற்றி எடுத்து வாருங்கள், சாயங்காலம் திருப்பித் தருகிறேன். கிண்ணத்தை வடித்துவிட்டு, துணியில் சுற்றி எடுத்து வரவும். பஸ்ஸில் வருவதாக இருந்தால் இன்னும் நன்றாகக் காயவிடுங்கள், போன தடவை ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள்.