அவர் கப்பலை விட்டு இறங்கவே இல்லை

வணக்கம் அம்மா,

எனக்கு 59 வயது. மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தேன், போன வருடம் ஓய்வு. என் வீட்டுக்காரருக்கு 65. ஆறு ஏக்கர் நஞ்சை, சொந்த விவசாயம். ஆற்றில் தண்ணீர் வந்தால் எந்த மடையை முதலில் திறப்பது என்று ஊரில் நாலு பேர் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

சியாட்டிலில் இருக்கும் எங்கள் மகள் போன ஆடியில் எங்கள் இருவருக்கும் அலாஸ்காவுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தாள். ஏழு நாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் மட்டும் போனோம். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று மூன்று ஊர்களில் கரையிறங்கலாம். ஒரு நாள் முழுக்கப் பனியாறுகள் இருக்கும் விரிகுடாவுக்குள் கப்பல் மெதுவாகப் போகும். திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப்பொழுது. அதற்கென்று தனி விசா கூட எடுத்தோம்.

அவர் ஓர் ஊரில்கூட இறங்கவில்லை.

கெட்சிகனில் இறங்கும் பாலம் வரை வந்தார். அங்கே நின்று, முட்டி வலிக்கிறது, நீ போய்ப் பார்த்துட்டு வா என்று திரும்பிவிட்டார். அதே மனிதர் தினமும் விடியற்காலையில் மேல்தளத்தை நாலு சுற்று நடந்தார்! நான் தனியாகப் போனேன். ஊருக்கு நடுவே ஓடும் ஓடையில் சால்மன் மீன்கள் தண்ணீரை எதிர்த்துத் துள்ளித் துள்ளி ஏறிக்கொண்டிருந்தன. புதுத் தண்ணீர் வரும்போது நம் வாய்க்காலில் மீன் ஏறுவதை, கல்யாணமான புதிதில் இவர்தான் எனக்குக் காட்டினார். அந்த ஞாபகத்தில் வீடியோ எடுத்தேன்.

மறுநாள் ஜூனோ. அது ஒரு மாநிலத்தின் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து வர சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். அவர் அறையை விட்டே வரவில்லை. பஸ் பிடித்து மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் போனேன். முப்பது வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த பனியாறு அம்மா. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் கல்மண் குவியலுக்கு மொரைன் என்று எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அது கண்ணுக்கு முன்னால் நீல நிறத்தில் கிடந்தது. பக்கத்திலேயே பெரிய அருவி. தூறலில் நனைந்துகொண்டே நின்றேன். நினைவு தெரிந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்கு வரிசை. எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் கப்பலுக்கு வந்தேன். அவர் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மணி நேரமாக அங்கேயே நின்றதாகப் பிறகு சொன்னார். என்னைப் பார்த்ததும், அத்தனை பேர் முன்னால், “விட்டுட்டுப் போயிட்டே இல்ல?” என்று கத்தினார். எனக்கும் வந்த கோபத்தில், “ஆமாம், நீங்க இல்லாமத்தான் நிம்மதியா இருந்தேன்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஸ்காக்வே. 1898இல் தங்கம் தேடிப் போனவர்களுக்காகப் போட ஆரம்பித்த மலை ரயிலில் மகள் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். நானும் போகவில்லை. ரெண்டு டிக்கெட்டும் வீண்.

விரிகுடாவில் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். பனி இடிந்து கடலில் விழுந்த சத்தம் கேட்டு, “மதகு உடைஞ்ச மாதிரி இருக்கு” என்றார். மற்ற நேரமெல்லாம் போன்தான். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பதரை. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததா, குறுவை எப்படி நிற்கிறது என்று வேலையாளிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். பதினெட்டாம் பெருக்கன்று நாங்கள் நடுக்கடலில். பாமணி ஆற்றுப் படித்துறையை நினைத்தாரோ என்னவோ, அன்று அவர் சாப்பிடவே இல்லை. ஒரு டீ வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். கப்பலில் காசு செல்லாது, எல்லாவற்றுக்கும் அறைச் சாவி அட்டைதான். ஆனாலும் தினமும் சட்டைப் பையில் ரூபாய் நோட்டு வைத்திருந்தார்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தேவைக்கு மட்டும் பேசுகிறார், திண்ணையில் படுக்கிறார். வருகிறவர்களிடம் மட்டும் பனிமலைக் கதை சொல்கிறார். மகளிடம் எல்லாம் நன்றாக இருந்தது என்று பொய் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் இல்லாததால்தான் அன்று சந்தோஷமாக இருந்தேனோ என்று நினைத்தால் உறுத்துகிறது. 36 வருட வாழ்க்கைக்கு இதுதான் அர்த்தமா?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஜூனோவில் உங்களுக்குக் கிடைத்த சந்தோஷம் அவர் இல்லாததால் வந்தது அல்ல. முப்பது வருடம் பார்க்காமலேயே பாடம் நடத்திய ஒன்றை நேரில் பார்த்த ஓர் ஆசிரியையின் சந்தோஷம் அது. அவர் பக்கத்தில் நின்றிருந்தாலும் அந்தக் கணம் உங்களுடையதுதான். அதற்காக வெட்கப்படாதீர்கள், யாரிடமும் மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவர் இல்லாதபோதுதான் நிம்மதி என்றால், அதற்கு முந்தின நாள் மீன் ஏறுவதைப் பார்த்ததும் அவர் ஞாபகம் ஏன் வந்தது?

இப்போது அவரைப் பற்றி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பயம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொரு செய்தியிலும் எனக்கு அதுதான் தெரிகிறது. நான் அவரை நேரில் பார்க்கவில்லை. அதனால் இதை ஒரு யூகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். நாலு பேர் வந்து கேட்கும் இடத்தில் இருப்பவர். கப்பலில் அவரால் சொந்தமாக ஒரு டீ வாங்க முடியவில்லை. மொழி தெரியவில்லை, காசு செல்லவில்லை, செலவெல்லாம் மகளுடையது. செல்லாது என்று தெரிந்தும் சட்டைப் பையில் ரூபாயை வைத்திருந்தாரே, அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த நோட்டுதான் அங்கே அவருக்கு மிச்சமிருந்த ஊர். தினமும் வயலுக்குப் போன் போட்டதும் அதனால்தான் இருக்கும். அந்த ஒரு பேச்சில் மட்டும்தான் அவர் விஷயம் தெரிந்தவராக இருக்க முடிந்தது.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வந்த அப்பாக்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல அந்தத் தலைமுறை ஆண்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் அது முட்டி வலியாக வருகிறது, இல்லாவிட்டால் கோபமாக வருகிறது. விரிகுடாவில் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். அன்று யாரும் இறங்க வேண்டியதில்லை. எல்லோரும் தளத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். அவரும் வந்து நின்றார், பேசினார். ஆக, பார்க்க ஆசை இல்லாதவர் அல்ல அவர்.

அந்த மூன்று மணி நேரத்தையும் அவர் பக்கத்திலிருந்து ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். தானாகச் சுற்றப் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். நேரம் நெருங்க நெருங்க உங்களைக் காணோம். யாரிடம் போய், எந்த மொழியில் கேட்பார்? “விட்டுட்டுப் போயிட்டே” என்று அவர் கத்தியதை, தன்னை விட்டுப் போனதாகக் குற்றம் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போயிருக்குமே என்ற பதைப்பும் அதே வார்த்தையில்தான் வெளியே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. அத்தனை பேர் முன்னால் கத்தியது உங்களைக் காயப்படுத்தியது. ஸ்காக்வே ரயில் உங்களுக்கு ஓர் இழப்புதான். கடலோரத்திலிருந்து 870 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையை மறுபடி எப்போது பார்க்கப் போகிறீர்கள்? சமாதானம் ஆக வேண்டும் என்பதற்காக அதை முழுங்கிவிடாதீர்கள். அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அது இரண்டாவது பேச்சாக இருக்கட்டும்.

முதல் பேச்சு வேறு. உறவுக்காரர்கள் யாரும் இல்லாத நேரத்தில், முடிந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் அவர் பதில் சொல்ல மாட்டார். வரப்பிலோ ஆற்றங்கரையிலோ நடக்கும்போது, “அன்னிக்கு அங்க நின்னப்போ என்னங்க நினைச்சீங்க?” என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். ஆசிரியைக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். வகுப்பில் பையன் திணறினால் நாமே பாதி விடையைச் சொல்லிவிடுவோம். இங்கே சொல்லாதீர்கள். “பயந்துட்டீங்களா?” என்று எடுத்தும் கொடுக்காதீர்கள். அவர் வார்த்தை அவரிடமிருந்தே வரட்டும். நிம்மதியாக இருந்தேன் என்று நீங்கள் சொன்னது கோபத்தில் சொன்னது என்பதையும் அதே நடையில் சொல்லிவிடலாம்.

பனிமலைக் கதையை அவர் மற்றவர்களிடம் சொல்லும்போது குறுக்கே பேசித் திருத்த வேண்டாம். போனதில் தனக்கென்று ஏதாவது ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, வயல் வேலையில்கூட நாட்டம் போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதை வெறும் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ வேறு இடத்திலோ ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். அவர் வரவில்லை என்றால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

மகளிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்பா மேல் குறை சொல்கிற மாதிரி வேண்டாம், நடந்தது நடந்தபடி. இல்லையென்றால் அடுத்த வருடம் பாசத்தில் இன்னொரு கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிடுவாள். இனி ஒரு பயணம் என்றால், அவள் கூட வர முடிகிற நாளாகப் பார்க்கட்டும். அல்லது உங்களோடு வேலை பார்த்த ஆசிரியைகளோடு நீங்கள் போய் வாருங்கள். இரண்டிலும் தப்பில்லை.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயணம் இருக்கிறது. உங்கள் பாமணி ஆறு போய்ச் சேரும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். இந்தத் தடவை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். படகுக்கு விசாரிப்பது, காசு கொடுப்பது, எங்கே இறங்குவது என்று சொல்வது எல்லாம். நீங்கள் சும்மா போய் உட்காருங்கள்.

கெட்சிகனில் எடுத்த அந்த மீன் வீடியோவை அவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் கையில் கொடுங்கள். அந்த மீன் ஏன் எதிர்த்து ஏறுகிறது என்று அவரையே கேளுங்கள்.