கூகுள் எர்த்தில் வரைந்த ஏரி எல்லையை ஷேப்ஃபைலாக மாற்றினால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகிறது, பரப்பளவு 0.000 என்கிறது. ஏன்?

இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். பெயர் கெட்டதற்கு ஷேப்ஃபைலும், பரப்பளவு கெட்டதற்கு சிஆர்எஸ் எனப்படும் ஆயத்தொலை அமைப்பும் காரணம்.

முதலில் பெயர். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே ஃபைல் அல்ல. வடிவம் எஸ்ஹெச்பி-யிலும், அட்டவணை டிபிஎஃப்-பிலும், சிஆர்எஸ் பிஆர்ஜே-யிலும் இருக்கும். எழுத்துக்குறியீடு எது என்பதை சிபிஜி என்ற குட்டி ஃபைல் சொல்லும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அட்டவணையைத் திறந்து நன்றாகப் பாருங்கள். தமிழுக்குப் பதில் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் கவலை வேண்டாம், தரவு பத்திரமாக இருக்கிறது. லேயர் ப்ராபர்ட்டீஸில் சோர்ஸ் பக்கம் போய் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் திரும்பிவிடும். வெறும் கேள்விக்குறிகள்தான் இருக்கின்றன என்றால், சேமித்தபோதே எழுத்து அழிந்துவிட்டது. மீட்க வழியில்லை, கூகுள் எர்த்தில் சேமித்த மூல ஃபைலான கேஎம்எல்-லிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். அதனால் அந்த கேஎம்எல்-லை அழித்துவிடாதீர்கள்.

என்கோடிங் சரியாக இருந்தாலும் டிபிஎஃப்-பில் புலப்பெயருக்கு, அதாவது அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புக்கு, 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'ஏரியின்_பெயர்' என்று வைத்தால் 'ஏரி'யோடு வெட்டுப்படும். 'ஏரியின்_பரப்பு'க்கும் அதே கதி. தமிழில் வேலை செய்பவர்கள் ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜுக்கு மாற இது ஒன்றே போதும். அது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் அடிப்படையிலான ஒற்றை ஃபைல், இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: கியூஜிஐஎஸ்-இல் திறந்திருக்கும்போது அதை நகலெடுக்காதீர்கள். கடைசியாகச் செய்த திருத்தங்கள் பக்கத்திலுள்ள டபிள்யூஏஎல் என்ற தற்காலிக ஃபைலில் தங்கியிருக்கலாம்.

அடுத்து பரப்பளவு. கேஎம்எல் எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84, அதாவது டிகிரிக் கணக்கு. 40 ஹெக்டேர் ஏரி சதுர டிகிரியில் ஏறத்தாழ 0.000033 வரும். தசமம் 3 இடம் என்று புலம் வைத்திருந்தால் 0.000 தான் பதிவாகும்.

இதைச் சரிசெய்ய, மீட்டரில் அளக்கும் சிஆர்எஸ்-க்கு மாற்ற வேண்டும். லேயரை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ். ஃபார்மேட் ஜியோபேக்கேஜ். சிஆர்எஸ்-இல் சென்னை, திருச்சி, மதுரை என்றால் ஈபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கோவை, நெல்லை, நாகர்கோவில் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் 32643. பிறகு ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டரை 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர். எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தப்பும், அதற்கு முன் ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ் என்ற கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு, 'செட் லேயர் சிஆர்எஸ்' கொடுத்து 32644 என்று மாற்றுவது. அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எண்கள் டிகிரியாகவே கிடக்கும். ஏரி தன் இடத்தை விட்டு எங்கோ கடலுக்குள் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போகும்.

கையால் புள்ளிகளைச் சேர்ப்பதானால் வரிசையையும் கவனியுங்கள். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். கேஎம்எல்-லும் ஜியோஜேசன் என்ற இன்னொரு வரைபட ஃபைல் வகையும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். சென்னையின் 13.08, 80.27-ஐ அப்படியே ஒட்டினால் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே போய் உட்காரும்.

வேலை முடிந்து மற்றவர்களுக்கு அனுப்பும்போது மட்டும் கேஎம்எல் எடுத்துக் கொடுங்கள், கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். யாராவது ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்றால் புலப்பெயர்களைச் சுருக்கமான ஆங்கில எழுத்துகளில் வைத்து, சிபிஜி உட்பட எல்லாத் துண்டுகளையும் ஒரே ஜிப்பில் கட்டி அனுப்புங்கள்.