டாட் நெட் நிறுவிவிட்டேன், முதல் கன்சோல் நிரல் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது: நிரல் எழுதவும் ஓட்டவும் மைக்ரோசாஃப்ட் தரும் டாட் நெட்டின் ரன்டைமை இறக்கி இன்ஸ்டால் செய்தீர்கள், வெற்றி என்று செய்தியும் வந்தது. ஆனால் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், 'டாட்நெட் நியூ கன்சோல்' என்று கொடுத்தால் 'நியூ' என்ற பயன்பாடே இல்லை என்கிறது. இதற்கு முன் நிரல் எழுதிய பழக்கமும் இல்லை.

உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் இறக்கியிருக்க வேண்டியது எஸ்டிகே, அதாவது நிரலை உருவாக்கும் கருவித்தொகுப்பு. இறக்கியது ரன்டைம். அவ்வளவுதான்.

நானும் இதே இடத்தில் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டிருந்தேன். நிரலை 'ரன்' செய்யத்தானே போகிறோம், ரன்டைம் போதும் என்று பெயரைப் பார்த்து முடிவு செய்துவிட்டேன். மூன்று முறை நீக்கி நீக்கி மறுபடி நிறுவினேன். எர்ரர் செய்தியின் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குக் கீழே, எஸ்டிகே எதுவும் காணப்படவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அன்றிலிருந்து எந்த எர்ரரையும் கடைசி வரி வரை படிக்கிறேன். உங்களுக்கும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் 'நியூ' இல்லை என்கிறது? 'டாட்நெட்' என்ற கட்டளை ரன்டைமோடும் வரும், எஸ்டிகேயோடும் வரும். ரன்டைம் மட்டும் இருக்கும்போது அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: ஏற்கெனவே தயாரான நிரலை ஓட்டுவது. அதனால் நீங்கள் தட்டிய 'நியூ' என்பதை ஒரு நிரலின் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடுகிறது. கிடைக்காததால் கையை விரிக்கிறது. எஸ்டிகேயில் கம்பைலர் (நீங்கள் எழுதியதை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றுவது), புதிய புராஜெக்ட் உருவாக்கும் வார்ப்புகள் (டெம்ப்ளேட்கள்), இவற்றை இயக்கும் கட்டளைகள் எல்லாம் உண்டு. ரன்டைமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே எஸ்டிகே ஒன்று போதும், தனியாக ரன்டைம் தேவையில்லை.

எந்தப் பதிப்பு? டாட் நெட் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு புதிய பதிப்பாக வருகிறது. இரட்டை எண் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டு ஆதரவு உண்டு. 8 வந்தது 2023 நவம்பரில், 10 வந்தது 2025 நவம்பரில். புதிதாகத் தொடங்குகிறவர் 10ஐ எடுப்பதுதான் நல்லது. தேடும்போது 'டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8' என்றும் கண்ணில் படும். அது விண்டோஸுக்கு மட்டுமான பழைய வழி, அதைத் தொட வேண்டாம்.

இறக்கும் பக்கத்தில் எக்ஸ்64, எக்ஸ்86, ஆர்ம்64 என்று பிரித்திருப்பார்கள். உங்கள் சிப்புக்கு உரியதை எடுங்கள். இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள இன்றைய கணினிகளுக்குப் பெரும்பாலும் எக்ஸ்64. விண்டோஸில் எக்ஸ்86ஐயும் தவறிப் போட்டுவிட்டால், கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் அது முன்னால் நின்றுகொண்டு, எக்ஸ்64 எஸ்டிகே இருந்தும் 'எஸ்டிகே இல்லை' என்ற அதே செய்தியைக் காட்டக்கூடும். அப்படி வந்தால் எக்ஸ்86ஐ நீக்கிவிடுங்கள்.

நிறுவி முடித்ததும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். அந்த பாத் பட்டியலை டெர்மினல் திறக்கும்போது மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். பிறகு வந்தவை அதற்குத் தெரியாது. நிரல் எழுதும் செயலியான விஷுவல் ஸ்டுடியோ கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்தச் செயலியையே மூடித் திறக்க வேண்டும்.

சரி, இனி கட்டளைகள். ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். முதலில் 'டாட்நெட்', ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு, அதை ஒட்டி 'லிஸ்ட்', ஒரு சிறு கோடு, 'எஸ்டிகேஸ்'. 10இல் தொடங்கும் ஒரு வரி வந்தால் நிறுவல் சரி. வெறுமனே இருந்தால் மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள்.

அப்புறம் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போய் 'டாட்நெட் நியூ கன்சோல்' கொடுங்கள். காலி ஃபோல்டர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டாட் நெட் அந்த ஃபோல்டரிலும் அதன் உள் ஃபோல்டர்களிலும் இருக்கும் சி ஷார்ப் (நாம் இங்கே நிரல் எழுதும் மொழி) கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே நிரலாகச் சேர்த்துவிடும். பயிற்சிக்கு இரண்டாவது கோப்பு ஒன்றை அங்கேயே எழுதி வைத்தால் சிஎஸ்8802 என்ற எர்ரர் வரும். ஒரு நிரல் எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு கோப்புகள் சொல்லக்கூடாது என்பது அதன் பொருள். ஒரு பயிற்சிக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'டாட்நெட் ரன்'. முதல் தடவை சில நொடி யோசிக்கும். தேவையானவற்றைச் சேர்த்து, கம்பைல் செய்து, அதன் பிறகுதான் ஓட்டுகிறது. புராஜெக்ட் எதையும் காணோம் என்று சொன்னால் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். சரியாக இருந்தால் 'ஹலோ, வேர்ல்டு!' வரும்.

வந்ததும் அடுத்த பாடத்துக்கு ஓடிவிடாதீர்கள். ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'புரோகிராம் டாட் சிஎஸ்' என்ற கோப்பில் ஒரு குறிப்பு வரியும் ஒரே ஒரு நிரல் வரியும்தான் இருக்கும். அதில் கன்சோலின் 'சி'யைச் சிறிய எழுத்தாக்கி ஓட்டுங்கள். சிஎஸ்0103 வரும், அப்படி ஒரு பெயரே இல்லை என்று. சரிசெய்துவிட்டு, வரி முடிவில் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துப் பாருங்கள். சிஎஸ்1002 வரும். கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்கள், எத்தனையாவது வரி, அதில் எத்தனையாவது எழுத்து என்று காட்டுகின்றன. நீங்களே கெடுத்த ஒன்றைச் செய்தி எப்படிச் சுட்டிக்காட்டுகிறது என்று பார்த்துவிட்டால், பின்னால் தெரியாமல் கெடும்போது பயம் வராது. எனக்கு இதை யாரும் ஆரம்பத்தில் சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்து மேற்கோள் குறிக்குள் 'வணக்கம்' என்று போட்டு ஓட்டுங்கள். விண்டோஸில் கேள்விக்குறிகளாக வந்தால் நிரலின் முதல் வரியில், கன்சோலின் 'அவுட்புட்என்கோடிங்' என்பதற்கு 'சிஸ்டம் டாட் டெக்ஸ்ட் டாட் என்கோடிங் டாட் யுடிஎஃப்8' என்ற மதிப்பைக் கொடுங்கள். பழைய கன்சோல் ஜன்னலைவிட விண்டோஸ் டெர்மினலில் தமிழ் நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லின் 'லெங்த்'தையும், அதாவது நீளத்தையும், அச்சிட்டுப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 7. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் புள்ளி தனிக் குறியாக நிற்கிறது, இந்தச் சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது. தமிழில் நிரல் எழுதப் போகும் யாரும் முதல் நாளே இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, 'பின்' ஃபோல்டருக்குள் 'டீபக்', அதற்குள் பதிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். விண்டோஸில் அங்கே ஓர் எக்ஸி கோப்பு தெரியும். அதை இருமுறை சொடுக்கினால் ஜன்னல் மின்னி மறைந்துவிடும். வேலை முடிந்ததும் மூடிக்கொள்கிறது, பழுதில்லை. நிரலின் கடைசியில் 'கன்சோல் டாட் ரீட்லைன்' சேர்த்தால் என்டர் தட்டும் வரை நிற்கும். அந்த எக்ஸியை மட்டும் தனியாக எடுத்துப்போனால் ஓடாது. நீங்கள் எழுதியது உண்மையில் பக்கத்தில் இருக்கும் அதே பெயருள்ள டிஎல்எல் கோப்பில் இருக்கிறது. ஃபோல்டரை முழுதாக ஒரு நண்பருக்குக் கொடுத்தால், அவர் கணினியும் உங்களுடையதைப் போன்ற வகை என்றால், நீங்கள் இன்று தவறி இறக்கினீர்களே, அந்த ரன்டைம், அதே 10 பதிப்பில் அவருக்குப் போதும்.