ரத்தத்தில் போதைப்பொருள் இருக்கிறதா என்று தடயவியல் ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலே போதுமா?

போதாது. முதல் சோதனை சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன், அந்த ஒரு அறிக்கைத் தாளால் ஒருவர் சிறைக்கே போக நேரலாம்.

முதலில் செய்வது பெரும்பாலும் எலைசா. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, குழிக்குள் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம், ஒட்டியிருக்கும். ரத்த மாதிரியையும் நாங்கள் தேடும் மருந்தில் என்சைம் இணைத்ததையும் சேர்த்து விட்டால் இரண்டும் அந்த ஆன்டிபாடியில் ஒட்டிக்கொள்ளப் போட்டி போடும். அப்புறம் கழுவிவிட்டு நிறம் தரும் கரைசலை ஊற்றுவோம். ரத்தத்தில் மருந்து இல்லாத குழியில் நிறம் நன்றாக ஏறும், மருந்து இருந்தால் வெளிறிப்போய் நிற்கும். ஆமாம், நிறம் குறைந்தால்தான் பாசிட்டிவ்.

சிக்கல் என்னவென்றால், ஆன்டிபாடிக்கு மூலக்கூறின் வடிவம்தான் தெரியும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின்கூட ஆம்ஃபெட்டமின் மாதிரி காட்டிவிடலாம், அழுகிய உடலில் உண்டாகும் சில அமீன்களும் அப்படித்தான். இன்னொரு பக்கம், மார்ஃபினுக்கான கிட் ஃபென்டனிலைக் கண்டுகொள்ளாது. அதனால் நெகட்டிவ் என்றால், தேடிய பொருள் கிட் பிடிக்கும் அளவுக்கு இல்லை என்பதோடு சரி.

உறுதி செய்ய அதே ரத்தத்தில் இன்னொரு பங்கை எடுத்து, வேறு தத்துவத்தில் இயங்கும் முறையில் பார்க்க வேண்டும். இப்போது பரவலாகச் செய்வது எல்சி-எம்எஸ்-எம்எஸ், அதாவது ரத்தத்தில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, மூலக்கூறையும் அதை உடைத்த துண்டுகளையும் நிறை பார்க்கும் முறை. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் முதலிலேயே ரத்தத்தில் கலந்துவிடுவோம், பிரித்தெடுக்கும்போது எது வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும், கணக்கு தப்பாது. அப்புறம் பொருள்களைப் பிரிக்கும் குழாயிலிருந்து (column) மருந்து வெளிவரும் நேரம், உடைந்த துண்டுகளின் நிறை, அவற்றின் விகிதம் எல்லாம் தர மாதிரியோடு, அதாவது இன்னதென்று உறுதியாகத் தெரிந்த சுத்தமான மருந்தோடு, பொருந்தினால்தான் பெயர் எழுதுவோம்.

இத்தனையும் செய்தாலும் ரத்தத்தைச் சேகரித்த விதம் சரியில்லை என்றால் பயனில்லை. கொக்கெய்ன் குழாய்க்குள்ளேயே சிதையும், அதைத் தடுக்க சோடியம் ஃபுளூரைடு வேண்டும். இறந்தவர் என்றால் இதயத்திலிருந்து எடுக்காமல் தொடைச் சிரையிலிருந்து எடுப்பது நல்லது. இறந்தபின் கல்லீரல், நுரையீரலில் இருந்து மருந்து கசிந்து இதய ரத்தத்தில் அளவைக் கூட்டிவிடும்.

அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் ரத்தம் எங்கிருந்து எடுத்தது, உறுதிச் சோதனை எந்த முறையில் நடந்தது என்ற இரண்டையும் தேடுங்கள். இரண்டாவது இல்லை என்றால், மீதமுள்ள மாதிரியில் அதைச் செய்யச் சொல்லி வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள்.